பீர் பில்லிங்: எந்த மாதம், எந்த வழி, எத்தனை நிமிடம்?

இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா மாவட்டத்தில், தௌலாதார் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது பீர். துணிச்சிறகில் காற்றில் மிதந்து பறக்கும் பாராகிளைடர்கள் கிளம்பும் பில்லிங் புல்வெளி அதற்கு மேலே, சுமார் 14 கி.மீ. மலைப்பாதையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து பீர் பில்லிங் என்பார்கள். 2015 அக்டோபரில் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி ஒன்று இங்கே நடந்த பிறகு, இந்த ஊரின் பெயர் பறக்க ஆசைப்படுகிற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனியில் புக் செய்யலாம்?" என்பதைத்தான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். பீரில் எத்தனை இரவு தங்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாதம், வழி, பறக்கும் நேரம் எல்லாம் அதிலிருந்துதான் வரும். எங்கள் பரிந்துரை குறைந்தது மூன்று இரவு. காரணம் கீழே உள்ள கணக்கிலேயே இருக்கிறது.

15 நிமிடமா, 30 நிமிடமா, ஒரு மணி நேரமா?

பில்லிங்கின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர். கீழே பீரில் இறங்கும் மைதானம் சுமார் 1,500 மீட்டர். இடையே 900 மீட்டர் இறக்கம். இரண்டு பேரைச் சுமக்கும் டேண்டம் கிளைடர், அசைவில்லாத காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் இறங்கும். 900-ஐ 1.2-ஆல் வகுத்தால் 750 நொடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம். வழியில் கிடைக்கிற சின்னச் சின்ன ஏற்றத்தையும் சேர்த்தால் 15 நிமிடம். "ஷார்ட் ஃப்ளைட்" என்று விற்கப்படுவது இதுதான். இதற்கு மேல் கிடைக்கிற ஒவ்வொரு நிமிடத்தையும் மேலே எழும் காற்றுதான் தருகிறது.

அந்தக் காற்று எப்போதும் இருக்காது. தெற்குப் பார்த்த மலைச்சரிவில் வெயில் விழுந்து, பாறையும் புல்லும் சூடேறி, அதையொட்டிய காற்று தூண்போல எழும்ப வேண்டும். பைலட்கள் இதைத் தெர்மல் என்கிறார்கள். கழுகுகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு ஏறுவது இதில்தான். அக்டோபரில் காலை ஒன்பது மணி சுமாருக்குப் பறத்தல் தொடங்கினாலும், தெர்மல் நன்றாகக் கட்டுவது பதினொரு மணிக்குப் பிறகு. பிற்பகல் இரண்டு, இரண்டரை வரை அது வலுவாக இருக்கும்.

இங்கேதான் பலரும் பணத்தை விடுகிறார்கள். 30 நிமிடத்துக்குப் பணம் கட்டிவிட்டு, கூட்டத்தைத் தவிர்க்க நினைத்து முதல் ஜீப்பில் ஏறி, ஒன்பது மணிக்கே கிளம்பி, 15 நிமிடத்தில் தரையைத் தொட்டுவிடுவார்கள். பைலட் ஏமாற்றினார் என்று தோன்றும். அந்த நேரத்தில் அவரைத் தூக்கிப் பிடிக்கக் காற்று இருந்திருக்காது. ஆகவே நீண்ட பறத்தல் வேண்டுமென்றால், விலை பேசும்போதே "எத்தனை மணிக்கு டேக்-ஆஃப்?" என்று கேளுங்கள். பேசிய நேரத்துக்கு முன்பே இறங்க நேர்ந்தால் ஷார்ட் ஃப்ளைட் கட்டணம் மட்டும்தான் எடுத்துக்கொள்வார்களா என்பதையும் கேட்டு வையுங்கள். சாதாரண டேண்டம் பறத்தல் பெரும்பாலும் 2,500 முதல் 3,500 ரூபாய்க்குள் இருக்கும். நேரம் கூடக் கூட விலையும் ஏறும், வீடியோவுக்குத் தனிக் கட்டணம்.

நடுப்பகல் பறத்தல் எல்லோருக்கும் ஒத்துவராது. தெர்மலுக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் கிளைடர் குலுங்கும். ஏறுவதற்காக ஒரே பக்கம் வட்டமடித்துக்கொண்டே இருப்பார்கள். பஸ்ஸில் மலையேறும்போது வாந்தி வருகிறவர்களுக்கு இங்கேயும் வரும். அப்படிப்பட்டவர்கள், பயம் அதிகம் உள்ளவர்கள், வயதானவர்கள் காலையின் முதல் நேரத்தையோ மாலை மூன்றரைக்குப் பிந்தைய நேரத்தையோ எடுத்துக்கொள்வது நல்லது. மாலையில் ஓர் அருமையான விஷயம் உண்டு. பகலெல்லாம் சூடேறிய பள்ளத்தாக்கு மெல்ல வெப்பத்தை விடும்போது, அகலமான, மென்மையான ஏற்றம் கிடைக்கும். காற்று பாலாடைபோல வழுவழுவென்று இருக்கும். வெளிச்சம் பொன்னிறமாகச் சாய்ந்திருக்க, கீழே நெல்வயலின் படிக்கட்டு வரப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். ஒரே ஒரு முறைதான் பறக்கப் போகிறீர்கள் என்றால் இந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். நவம்பரில் ஐந்தரைக்குள் வெளிச்சம் மங்கிவிடும், அதனால் மூன்று மணிக்குள் ஜீப்பில் ஏறிவிட வேண்டும்.

உடல் எடையும் நேரத்தைத் தீர்மானிக்கும். 90 கிலோவைத் தாண்டியவர்களுக்குக் காற்றே இல்லாத காலையின் முதல் நேரம் கடினம். எதிர்காற்று இல்லாதபோது கிளைடர் தூக்கும் வேகத்தை எட்ட முழுதும் கால்களால்தான் ஓட வேண்டும். கொஞ்சம் எதிர்காற்று கட்டிய பிறகு அதே எடைக்கு நான்கைந்து எட்டு போதும். 40 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்குச் சிக்கல் நேரெதிர். நடுப்பகல் தெர்மலில் லேசான சுமை மேலேயே மிதந்துகொண்டிருக்கும், பைலட் இறங்கப் படாத பாடு படுவார். சிறுவர்களுக்குக் காலை நேரம்தான் சரி.

ஒரு மணி நேரம், அதற்கு மேல் என்று விற்கப்படும் பறத்தலில் மலைமுகட்டையொட்டி 3,000 மீட்டர் வரையும் அதற்கு மேலும் போவார்கள். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் 6 முதல் 10 டிகிரி குறையும். பீரில் அரைக்கைச் சட்டையோடு இருந்த அதே பகலில், மேலே விரல் மரத்துப்போகும். கையுறை, காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூடும் துணி இல்லாமல் இதை வாங்க வேண்டாம். முதல்முறை பறப்பவர்களுக்கு நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. முதல் நாள் ஷார்ட் ஃப்ளைட் போய், வயிறும் மனமும் ஒத்துழைத்தால் மறுநாள் நீண்டதை எடுங்கள். மூன்று இரவு என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த மாதம்?

ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலம் என்பதால், ஆண்டுதோறும் மாநில அரசு பறக்கத் தடை விதிக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் "நாங்கள் பறக்க வைக்கிறோம்" என்று யாராவது சொன்னால் அவர்களிடம் மற்ற மாதங்களிலும் போகாதீர்கள்.

உண்மையான போட்டி அக்டோபர்–நவம்பருக்கும் மார்ச்–ஏப்ரலுக்கும் இடையில்தான். மழை ஓய்ந்த பின் வரும் அக்டோபரில் வானம் கழுவி விட்டதுபோல இருக்கும். தொடர்ந்து பல நாட்கள் ஒரே மாதிரியான வானிலை கிடைக்கும், தெர்மலும் மிதமாக இருக்கும். தனியாகப் பறக்கும் பைலட்கள் பல நாடுகளிலிருந்தும் இந்த நேரத்தில் வந்து குவிகிறார்கள். அதனால் ஒரே நேரத்தில் வானத்தில் கூட்டமும் அதிகம், அறை வாடகையும் அதிகம். நவம்பர் பிற்பாதியில் கூட்டம் குறையும், தெர்மலும் இளைக்கும். மென்மையான ஒரு டேண்டம் பறத்தலுக்கு அது குறையில்லை.

மார்ச், ஏப்ரலில் மேலே பனி இருக்கும், கீழே பள்ளத்தாக்கு சூடேறும். இந்த வேறுபாட்டால் தெர்மல் வேகமாக எழும், மேகத்தின் அடிப்பகுதி உயரத்தில் இருக்கும். அனுபவமுள்ளவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அதே வேகம் பிற்பகலில் மேகத்தைத் திரட்டி இடிமழையாக்கிவிடும். மேற்கிலிருந்து வரும் மழைமேகக் கூட்டங்கள் சில சமயம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பறத்தலை நிறுத்திவிடும். வசந்தத்தில் போகிறவர்கள் ஓர் இரவு கூடுதலாக வைத்துக்கொண்டு, பறத்தலை நண்பகலுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். மலைச்சரிவுகளில் காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) சிவந்து கிடப்பதைப் பார்க்கக் கிடைப்பது இந்த மாதங்களில்தான்.

மே, ஜூனில் சமவெளி வெயிலுக்குத் தப்பி வரும் கூட்டம், புழுதிமூட்டம், மாலை இடி. தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை என்பதால் வேறு வழி இல்லாத குடும்பங்கள் காலை நேரத்தை மட்டும் நம்பிப் போகலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிந்த நாட்களில் பறக்கலாம், பனி விழுந்தால் பில்லிங் பாதை அடைபடும்.

எங்களைக் கேட்டால், அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் நடு வரை, அதுவும் திங்கள் முதல் வியாழன் வரை. தீபாவளி விடுமுறை இடையில் வந்தால் அந்த நாட்களைத் தள்ளிவிடுங்கள். வெள்ளி இரவு டெல்லியிலும் பஞ்சாபிலும் கிளம்புகிறவர்கள் சனி காலை வந்து இறங்குவார்கள். பில்லிங் பாதை ஒரு ஜீப் மட்டும் தாராளமாகப் போகும் அகலம். எதிரெதிரே வண்டி வந்தால் ஒன்று பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டும். செவ்வாயன்று முக்கால் மணி நேரத்தில் முடியும் ஏற்றம் சனியன்று எவ்வளவு இழுக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குள் நல்ல காற்று போய்விடும்.

எந்த வழி?

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ டெல்லிக்கு விமானம், அங்கிருந்து இரவு வோல்வோ. பெரும்பாலானவர்களுக்கு இதுவே பொருத்தம். டெல்லியிலிருந்து 500 கி.மீ.க்கு மேல், சுமார் 12 மணி நேரம். அரசுப் பேருந்துகள் காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்தும், தனியார் பேருந்துகள் பெரும்பாலும் மஜ்னு கா டீலாவிலிருந்தும் கிளம்பும். பேருந்து பீருக்குள்ளேயே வருமா, அல்லது பைஜ்நாத்திலோ பீர் ரோடு கூட்டுரோட்டிலோ இறக்கிவிடுமா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். கூட்டுரோட்டில் இறங்கினால் சில கி.மீ. டாக்ஸி. கடைசி நான்கு மணி நேரம் வளைவுகள்தான், வாந்தி வருகிறவர்கள் முன்பக்க இருக்கை எடுக்கட்டும். இறங்கிய அன்றே பறக்க வேண்டாம். இரவெல்லாம் குலுங்கிய வயிறு தெர்மலில் தாங்காது.

டெல்லியிலிருந்து காங்க்ராவின் கக்கல் விமான நிலையத்துக்குச் சிறிய விமானங்கள் போகின்றன. அங்கிருந்து பீர் 65 கி.மீ. சுமார், டாக்ஸியில் இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம். முதியவர்களோடு போகிறவர்களுக்கு இது நிம்மதி. மூட்டமோ மழையோ இருந்தால் இந்த விமானங்கள் எளிதில் ரத்தாகும். திரும்பும் நாளில் கக்கலிலிருந்து டெல்லி, அதே மாலை டெல்லியிலிருந்து சென்னை என்று இறுக்கமாகப் போட்டுவிட்டால், ஒரு ரத்து இரண்டு டிக்கெட்டையும் விழுங்கிவிடும். இடையில் ஓர் இரவு டெல்லியில் வையுங்கள்.

ரயில் பிரியர்களுக்கு பதான்கோட். சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸும், கன்னியாகுமரியிலிருந்து கேரளம், கோவை வழியாக வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் பதான்கோட் கண்டோன்மென்ட் வழியாகத்தான் கட்ரா போகின்றன. இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும் நெடும்பயணம். வேகம் வேண்டாதவர்களுக்கு நாடு முழுக்க ஜன்னலோரம் கடந்துபோகும். பதான்கோட்டிலிருந்து பீர் சுமார் 140 கி.மீ. அங்கிருந்து ஜோகிந்தர்நகர் வரை 164 கி.மீ. போகும் 1929-ஆம் ஆண்டுக் குறுகிய பாதை ரயிலில், பீருக்கு அருகிலுள்ள அஹ்ஜு நிலையத்தில் இறங்கலாம் என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் சக்கி ஆற்றுப் பாலம் இடிந்ததிலிருந்து அந்த ரயிலை நம்பித் திட்டமிடக் கூடாது. கிளம்பும் வாரத்தில் ஓடுவதை உறுதி செய்துகொண்டால் மட்டும் போங்கள், இல்லாவிட்டால் பேருந்து.

எங்கே தங்குவது?

இறங்கும் மைதானம் இருக்கும் சௌகான் பகுதியில் தங்கினால், பால்கனியிலிருந்தே கிளைடர்கள் இறங்குவதைப் பார்க்கலாம். கஃபேக்கள், ஜீப், பறத்தல் அலுவலகங்கள் எல்லாம் காலடியில். வார இறுதியில் பாட்டுச் சத்தமும் காலடியில். திபெத்தியக் காலனி அமைதியானது. சோக்லிங் மடாலயத்தின் காலைப் பிரார்த்தனை, தாளமும் நீண்ட கொம்பு வாத்தியமும், துக்பாவும் மொமோவும் விற்கும் சிறு கடைகள். மைதானத்துக்கு நடந்தே போய்வரலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது காலனி. பில்லிங்கிலேயே கூடாரம் என்ற விளம்பரங்களும் வரும். இரவுக் குளிரைத் தாங்குகிறவர்களுக்குச் சரி. ஆனால் காலையில் நீங்கள் மேலே இருப்பீர்கள், உங்கள் பைலட்டும் கருவியும் கீழிருந்துதான் வர வேண்டும், நேரம் ஒன்றும் மிச்சமாகாது.

காற்று சரியில்லாத நாள் வீணாகப் போகாது. பைஜ்நாத் சிவன் கோவில் பக்கத்தில்தான். வைத்தியநாதர் என்ற பெயரே அங்கே பைஜ்நாத் ஆகியிருக்கிறது. 1204-இல் இரண்டு வணிகச் சகோதரர்கள் கட்டியதாகக் கல்வெட்டு சொல்லும் நாகர பாணிக் கோவில். நம் ஊர்க் கோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பின்னால் பனிமலை வைத்த அந்தச் சிகரம் புதிதாக இருக்கும். காட்டுக்குள் இருக்கும் ஷெராப்லிங் மடாலயத்துக்கு அரை நாள் ஒதுக்கலாம்.

மேலே நிற்கும் அந்த ஐந்து நிமிடம்

கம்பெனியைவிட பைலட் முக்கியம். சுற்றுலாத் துறையின் டேண்டம் அனுமதி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளிக்கிறவரை விட்டுவிடுங்கள். அவசரத்துக்கு விரிக்கும் ரிசர்வ் பாராசூட்டைக் கடைசியாகப் பிரித்து மடித்தது எப்போது என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் அடுத்த பைலட்.

உங்களைக் கிளைடரோடு பிணைக்கும் பட்டை இருக்கையான ஹார்னஸை அவர் மாட்டிவிட்டாலும் நீங்களும் கையால் தொட்டு எண்ணுங்கள். தொடைப் பட்டை இரண்டு, மார்புப் பட்டை ஒன்று, இருபுறமும் ஒவ்வொரு காரபினர் (பூட்டும் கொக்கி), ஹெல்மெட்டின் தாடைப் பட்டை. மாட்டிய பிறகு காத்திருக்கும் நேரத்தில் புகைப்படத்துக்காகவோ சிறுநீர் கழிக்கவோ தொடைப் பட்டையைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்ட மறந்து பறப்பதுதான் இந்த விளையாட்டின் மிகக் கொடிய தவறு. கழற்றினால் பைலட்டிடம் சொல்லி, முதலிலிருந்து எண்ணுங்கள்.

கிளம்பும்போது கிளைடர் பின்னாலிருந்து எழும், முதுகை யாரோ பிடித்து இழுப்பதுபோல இருக்கும். அந்த நொடியில் பயந்து நிற்பவர்கள்தான் அதிகம். நின்றால் கிளைடர் தலைக்கு மேல் தாண்டி விழும் அல்லது பக்கவாட்டில் சாயும். உடலை முன்னே சாய்த்து, இழுவையை மீறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குதிக்கவும் கூடாது. குதித்தால் ஒரு கணம் பாரம் விலகி, மறுகணம் இருவரும் புட்டம் தரையில் அடிபட விழுவார்கள். கால் தரையை விட்ட பின்னும் இரண்டு மூன்று எட்டு காற்றிலேயே ஓடுங்கள். கணுக்காலைப் பிடிக்கும் ஷூ வேண்டும், செருப்பு கூடாது.

கட்டளைகள் இந்தியில் வரும். "தௌடோ", "பாகோ" இரண்டுக்கும் ஓடு என்று பொருள். "ருக்னா மத்" என்றால் நிற்காதே. "பைட்னா மத்" என்றால் உட்காராதே, "பைட் ஜாவோ" என்றால் உட்கார். இந்தக் கடைசி இரண்டில்தான் கவனம் தேவை. இந்தி தெரியாத காதில் "பைட்" மட்டும் விழுந்து, ஓட வேண்டிய நேரத்தில் உட்கார்ந்துவிட்டால் இருவர் எடையும் பைலட் கால்களில் இறங்கும். "கடே ஹோ ஜாவோ" என்றால் எழுந்து நில், "பைர் உப்பர்" என்றால் காலைத் தூக்கு. இவை இறங்கும்போது வருபவை. நின்று ஓடி இறங்குவதா, காலை நீட்டி ஹார்னஸில் சறுக்கி இறங்குவதா என்று மேலேயே கேட்டுக்கொள்ளுங்கள். "ரன்", "சிட்" என்று இரண்டே ஆங்கிலச் சொல்லில் பேசி வைத்துக்கொள்ளவும் பெரும்பாலான பைலட்கள் சம்மதிப்பார்கள். இறங்கும் முன் கிளைடரைச் சுழற்றிக் காட்டுவது சிலரின் வழக்கம், வேண்டாமென்றால் அதையும் முன்பே சொல்லுங்கள்.

கற்றுக்கொள்ளப் போகிறவர்களும், இரண்டே நாள் இருப்பவர்களும்

தனியாகப் பறக்கக் கற்கும் பி-1, பி-2 எனும் தொடக்கநிலைப் பயிற்சிகள் பீரிலும் உண்டு. ஆனால் முதல் எட்டு வைக்க, மகாராஷ்டிரத்தில் லோனாவளா அருகேயுள்ள காம்ஷேட் பொருத்தமானது. தாழ்ந்த, வழுவழுப்பான குன்றுகள், நாளுக்குப் பலமுறை ஏறி இறங்கிப் பழகலாம். பில்லிங்கில் தவறு செய்தால் திருத்திக்கொள்ள இடம் குறைவு. அடிப்படைப் பயிற்சியை அங்கே முடித்து, பீருக்கு இரண்டாவதாக வாருங்கள்.

கையில் இரண்டே நாள்தான் என்றால் பீரை விட்டுவிட்டு கேரளத்தின் வாகமண் போங்கள். மதுரையிலிருந்து தேனி, குமுளி, ஏலப்பாறை வழியாக ஒரே நாளில் போய்விடலாம். உயரம் சுமார் 1,100 மீட்டர். அங்கே பறத்தல் நடப்பது மலைவிளிம்பில் மோதி மேலே திரும்பும் காற்றை நம்பி. வெயிலைவிடக் காற்றின் திசையும் வேகமும் முக்கியம், அதனால் விளிம்பையொட்டி முன்னும் பின்னுமாகப் போவீர்கள், உயரம் பீர் அளவுக்குக் கிடைக்காது. இரு பருவமழையும் ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அங்கே நல்ல காலம்.

பீருக்கே போவதென்றால், முன்பணம் கட்டும் முன் ஒரே ஒரு விஷயத்தை எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, வாங்கிக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு காற்று முதுகுப் பக்கமிருந்து வீசி பைலட் பறக்க மறுத்தால், மறுநாள் நேரம் கொடுப்பார்களா, பணம் திரும்புமா, ஜீப் வாடகை யாருடையது? அப்படி மறுக்கிற பைலட்டிடமே மறுநாளும் போங்கள்.